மண்ணெண்ணெய் டின்னும் மண்பானையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. தள்ளிப் போட்டதுக்குக் காரணம், இதுல நான் செஞ்ச ஒரு கொலையும் வருது. பயந்துடாதீங்க, செத்தது ஒரு தண்ணிப் பாம்பு. எனக்கு அப்போ பத்து வயசு.

அதைக் கிளறிவிட்டது எங்க அக்கா பையன். 2023 ஆரம்பத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, அக்கா மீன் வாங்கக் காசிமேடு போயிருந்த நேரமாப் பார்த்து மெதுவா ஆரம்பிச்சான்.

"மாமா, பால் பைதான் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கடிக்காது. அம்மாகிட்ட நீதான் பேசணும்."

கொளத்தூர்ல மூணடி கண்ணாடித் தொட்டி என்ன விலைன்னு கூட விசாரிச்சு வெச்சிருந்தான். (வண்ண மீன் வளர்க்கிறவங்களுக்குக் கொளத்தூர் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. மீனும் தொட்டியும் தெருத்தெருவா கிடைக்கிற ஊரு.) நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே லைட்டு, அடியில கலர் கல்லு. "ராஜா மாதிரி வெச்சுக்கலாம் மாமா!"

எனக்கு அந்த டின்தான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

1984, ஐப்பசி மழை. திருவொற்றியூர்ல எங்க தெரு முழங்கால் தண்ணியில கெடந்தப்போ, வாசப்படியில சுருண்டு கெடந்த ஒரு தண்ணிப் பாம்பை நானும் எதிர்வீட்டுப் பையனும் துண்டு போட்டுப் பிடிச்சோம். கையில ரெண்டு கடி. விஷம் இல்லேன்னு தெரியும், ஆனா கோவக்காரப் பாம்பு அது. வீட்டுல காலியா இருந்த மண்ணெண்ணெய் டின்னை சோப்புத்தூள் போட்டுக் கழுவி, பாதிக்குத் தண்ணி ஊத்தி, உள்ளே விட்டு, மேலே ஓட்டை போட்ட தகரத்தை வெச்சு செங்கல் ஏத்தியாச்சு. தண்ணிப் பாம்பு, அதனால தண்ணி. பத்து வயசு லாஜிக்.

ஆயா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தண்ணிப் பாம்புன்னா தண்ணியிலேயே கெடக்குமாடா? அது இன்னா மீனா?"

கேட்டேனா? இல்ல. ஆறாம் நாள் அதோட வயித்துச் செதில் முழுக்கக் கொப்புளம். ஒன்பதாம் நாள் செத்துப் போச்சு. மண்ணெண்ணெய் வாடைதான் காரணம்னு ரொம்ப வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேன். அதுக்கும் பங்கு இருக்கலாம். ஆனா ஆயா கேட்டதுதான் சரியான கேள்வின்னு பின்னால படிச்சுத்தான் தெரிஞ்சுது. நீர்ப்பாம்பு வேட்டைக்குத்தான் தண்ணிக்குள்ள போகும். அப்புறம் கரையேறி உடம்பைக் காய வெச்சே ஆகணும். காய இடமில்லாம ஈரத்துலயே அடைச்சு வெச்சா தோல் கொப்புளிச்சு, கிருமி ஏறி சாகும். பாம்பு வளர்க்கிற நாடுகள்ல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இன்னிக்கும் சொல்ற எச்சரிக்கை இது.

செத்த பாம்பைப் புதைச்சுட்டு ஆயா என்னை நேரா கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. திருவொற்றியூர்க்காரங்களுக்கு எந்தக் கோயில்னு சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்காக: தியாகராஜ சுவாமி கோயில், வடிவுடையம்மன் சன்னதி இருக்கிற கோயில். மூலவர் ஆதிபுரீஸ்வரர். அவருக்குப் படம்பக்கநாதர்னும் பேரு, வாசுகி நாகம் அவர்கிட்ட ஐக்கியமாச்சுன்னு தலபுராணம். லிங்கமே புற்று வடிவம். வருஷம் பூரா கவசம் சாத்தியிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் திறப்பாங்க. அப்பவும் புனுகு, ஜவ்வாது, சாம்பிராணித் தைலம்தான் சாத்துவாங்க. தண்ணி அபிஷேகம் கிடையாது. புத்து மண்ணாச்சே!

எத்தனையோ கார்த்திகைக்கு அந்தக் கூட்டத்துல நசுங்கியிருக்கேன். நம்ம ஊர்ல பாம்புக்குன்னு ஒரு வீடு உண்டுன்னா அது புத்துதான்னு அப்பல்லாம் தோணினது இல்ல. புத்தைக் கட்டுறது பாம்பு இல்ல, கரையான். கரையான் கட்டின வீட்டுல கருநாகம் குடிவந்த பழமொழி எல்லாருக்கும் தெரியும். அது ஏன் அங்க குடிவருதுன்னுதான் யாரும் கேக்கறது இல்ல. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் புத்துக்குள்ள சூடு அவ்வளவு ஏறாது. ஈரப்பதம் ஒரே மாதிரி நிக்கும். இருட்டு. உடம்பைச் சுருட்டிக்கிட்டா நாலு பக்கமும் சுவர் இடிக்கும். பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கத் தெரியாது. சூடு வேணும்னா வெயிலுக்கு வரும், போதும்னா உள்ளே போகும். அதுக்கு வேண்டியது சூடும் குளிர்ச்சியும் ரெண்டும் கிடைக்கிற இடம், கூடவே முதுகை ஒட்டி ஒரு சுவர். பாலும் முட்டையும் இந்தக் கணக்குலயே வராது. பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்ல, ஊத்தின பால் புத்தைத்தான் நாசம் பண்ணும். (ஆயா இருந்திருந்தா இந்த வரிக்கு முதுகுல ஒண்ணு வெச்சிருப்பாங்க.)

புத்துக்கு அடுத்து மனுஷன் செஞ்ச பாம்பு வீடு, பாம்பாட்டியோட மூங்கில் கூடை. இருட்டு, நெருக்கம், காத்து எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா உள்ளே இருக்கிற நாகத்துக்குப் பல்லைப் பிடுங்கியிருப்பாங்க. வாயெல்லாம் புண்ணாகி, இரை எடுக்க முடியாம கொஞ்ச நாள்ல செத்துடும். அப்புறம் வேற நாகம். வீடு நல்ல வீடு, வீட்டுக்காரன்தான் சரியில்ல.

கம்பெனி காலத்து வெள்ளைக்காரங்களுக்குப் பாம்பை வெச்சுக்கிறதுல பெரிசா ஆர்வம் இல்ல. 1785 வாக்குல மதராஸ் அரசாங்கத்தோட இயற்கையியலாளரா வேலைக்குச் சேர்ந்த பேட்ரிக் ரஸ்ஸல், எந்தப் பாம்பு கடிச்சா சாவு, எது கடிச்சா சாவு இல்லன்னு பிரிச்சுச் சொல்லத்தான் பாடுபட்டார். நாயையும் கோழியையும் கடிக்க விட்டுப் பார்த்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 1796-ல வந்துச்சு, வண்ணப் படங்களோட. நம்ம கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷ்ல அவர் பேருதான். அந்தக் கரையில காசிமேடும் எண்ணூரும் அடக்கம். எங்க ஆளுங்க வலையில இன்னிக்கும் கடல் பாம்பு மாட்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மதராஸ்ல பாம்புக்கு ஒழுங்கா வீடு கட்டின கதை ஒரு ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில ஆரம்பிக்குது.

ராமுலஸ் விட்டேகர். 1943-ல அமெரிக்காவுல பொறந்து, 1951-ல அம்மாவோட இந்தியா வந்த பையன். வீட்டுக்குப் பாம்பு கொண்டு வந்த பிள்ளையை அடிக்காம, பாம்பைப் பத்திப் படிக்கப் புத்தகம் வாங்கிக் கொடுத்த அம்மா அவங்க. (எங்க வீட்டுல வெளக்கமாறுதான் கெடச்சுது.) கொடைக்கானல் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில ஒரு மலைப்பாம்பை வெச்சு வளர்த்தார். யோசிச்சுப் பாருங்க, கட்டிலுக்கு அடின்னா இருட்டு, நெருக்கம், யாரும் தொல்லை பண்ணாத இடம். தெரிஞ்சு செஞ்சாரோ, வார்டனுக்குப் பயந்து செஞ்சாரோ, பாம்புக்கு ஒத்து வந்துச்சு. படிக்கப் போன அமெரிக்கக் கல்லூரி ஒத்து வரல. மயாமியில பில் ஹாஸ்ட்னு ஒருத்தர் நடத்தின பாம்புப் பண்ணையில வேலைக்குச் சேர்ந்து, விஷம் எடுக்கிறதைக் கத்துக்கிட்டார். 1967-ல இந்தியாவுக்கே திரும்பிட்டார்.

1969-ல தாம்பரம் பக்கத்துல சேலையூர்ல ஒரு சின்னப் பாம்புப் பண்ணை. 1972-ல அது கிண்டிக்கு வந்து, சிறுவர் பூங்கா ஓரமா இன்னிக்கும் இருக்கிற பாம்புப் பண்ணை ஆச்சு. பள்ளிக்கூடச் சுற்றுலான்னு சொன்னா எங்க காலத்துல அங்கதான். வட்டமா ஒரு பள்ளம், இடுப்பளவு சுவர், உள்ளே மரம் செடி. நாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்க்கணும். பாதிப் பாம்பு கண்ணுலயே படாது. "ஒண்ணுமே இல்ல சார்"னு கத்தினது ஞாபகம் இருக்கு. வாத்தியார் ஒரு கிளையைக் காட்டினார், கொஞ்ச நேரம் பார்த்தா கிளையில பாதி பாம்பு. காட்சிக்கு வெச்ச இடத்துலயே ஒளிஞ்சுக்க இடம் விட்டிருந்தாங்க. டின்னுக்கு நான் அதைத்தான் தரல.

(இதுக்கு நேர் எதிரா 1980-ல புனேயில நீலிம்குமார் கைரேன்னு ஒருத்தர், 72 விஷப் பாம்புங்களோட 72 மணி நேரம் ஒரே கண்ணாடி அறைக்குள்ள உக்காந்தார். பாம்பு சும்மா சும்மா கடிக்காதுன்னு காட்டத்தான். பின்னால அவரே அங்க ஒரு பாம்புப் பூங்காவுக்குக் காரணமா இருந்தார், அது வேற கதை.)

விட்டேகருக்கு மதராஸ்ல பாடம் சொல்லிக் கொடுத்தது யாருன்னா, இருளர்கள். செங்கல்பட்டுப் பக்கம் வயல் வரப்புல பாம்பு போன தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு, எந்த வளையில கெடக்குன்னு சொல்ற ஜனம். ஆனா அன்னிக்கு அவங்க வயித்துப் பாடு பாம்புத் தோல். சாரை, நாகம், மலைப்பாம்புன்னு உரிச்சு வியாபாரிக்குக் கொடுப்பாங்க. தோலைப் பதம் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புறதுல மதராஸ் பெரிய கை. பெல்ட்டு, கைப்பை, செருப்பு. லட்சக்கணக்குல போச்சு. காசு வியாபாரிக்கு, சில்லறை இருளருக்கு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1976-ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு நல்ல செய்தி. இருளர் வீட்டு அடுப்புக்கு?

இங்கதான் 1978 வருது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம். பாம்பைக் கொல்ல வேண்டாம், உயிரோட பிடிச்சு விஷத்தை எடுத்துக்கிட்டு விட்டுடலாம். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் வேணும், அதைக் கொஞ்சங்கொஞ்சமா குதிரைக்கு ஏத்தித்தான் மருந்து எடுக்கறாங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகை. நாட்டுல தயாராகுற பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்துல பெரும்பகுதி நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில இருக்கிற இந்தச் சங்கத்துலேர்ந்துதான் போச்சு. அந்த சங்கத்து ஆளுங்க மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ. ஃப்ளோரிடாவுல மலைப்பாம்புத் தொல்லை தாங்காம 2017-ல இவங்களைக் கூப்பிட்டு, அவங்க கண்டுபிடிக்க முடியாததை இவங்க கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்க.

சரி, பிடிச்சுட்டு வந்த அத்தனை விஷப் பாம்பையும் எங்க வெச்சாங்க? பானையில. சாதா மண்பானை. நானும் அக்கா பையனும் அந்த வருஷம் மே மாசம் போய்ப் பார்த்தோம். வெயில் மண்டையைப் பிளக்குது, முதலைப் பண்ணைக்குள்ளயே ஒரு ஓரத்துல கூரை போட்ட இடம், வரிசையா பானை. உள்ளே மணல். வாயில பருத்தித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாங்க. என்ன பாம்பு, என்னிக்கு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு.

அக்கா பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "இவ்ளோதானா மாமா? பானையா?"

நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஒரு பானையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன் (காலிப் பானைங்க, ஆட்டோ அனுப்பாதீங்க). ஜில்லுன்னு இருந்துச்சு. நம்ம வீட்டுல மோர்ப்பானை எப்படிக் குளிருதோ அதே கணக்குதான். மண் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், விடும்போது சூடு இறங்கும். துணி காத்தை விடும், பாம்பை விடாது. உள்ளே கும்மிருட்டு. சுருண்டு படுத்தா சுத்திச் சுவர். அழுக்காச்சுன்னா மணலைக் கொட்டிட்டு வேற மணல். பானை உடைஞ்சா சந்தையில வேற பானை. அட, இது புத்துதான்! கரையான் கட்டினதைக் குயவர் கையால பண்ணி வெச்சிருக்காங்க.

கண்ணாடித் தொட்டி இதுல எல்லாத்துக்கும் தலைகீழ். கண்ணாடின்னா என்னன்னே பாம்புக்குத் தெரியாது. வெளியே வெளிச்சம் தெரியுது, வழி இருக்குன்னு மூக்கால முட்டிக்கிட்டே இருக்கும், மூக்கு நுனி புண்ணாகிற வரைக்கும். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரியும். எங்க பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுல, ஜன்னல் வெயில் படுற மாதிரி கண்ணாடித் தொட்டியை வெச்சா, மே மாசம் அது தொட்டி இல்ல, அடுப்பு.

அக்கா பையன் விடல. "பால் பைதான் ஆப்பிரிக்காப் பாம்பு மாமா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." சம்பந்தம் இருக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுல அந்தப் பாம்பு பகல் முழுக்கப் படுத்துக் கெடக்கிறது எலி வளையிலயும் கரையான் புத்துலயும். அங்கயும் புத்துதான். வளர்க்கிறவங்க சொல்ற கணக்கைக் கேளுங்க: தொட்டிக்கு ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி. ரெண்டு பக்கமும் உடம்பு சரியா நுழையுற அளவுக்கு ஒவ்வொரு ஒளிவிடம். முழுசா உள்ளே இறங்கிப் படுக்கிற மாதிரி தண்ணிக் கிண்ணம். பூட்டு வெச்ச மூடி, ஏன்னா பாம்பு தலை நுழையுற சந்து கிடைச்சா உடம்பும் வெளியே வந்துடும். எல்லாத்துக்கும் மேல சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி. அது இல்லாம சூடு போடுற விரிப்பை அடியில வெச்சா வயிறு வெந்துடும். எங்க ஏரியா கரண்டை நம்பி இதெல்லாமா!

மேல்நாட்டுல இதுக்கு ஒரு பெரிய சண்டையே உண்டு. நிறைய பாம்பு வெச்சிருக்கிறவங்க பிளாஸ்டிக் டிராயர் அடுக்குல ஒவ்வொண்ணா வெச்சிடறாங்க. இருட்டு, நெருக்கம், பாம்பும் ஒழுங்கா சாப்பிடுதுன்னு சொல்றாங்க. பாம்பு முழு நீளத்துக்கு உடம்பை நீட்டிப் படுக்கவாவது இடம் வேணாமான்னு ஆராய்ச்சியாளர்கள் திட்டறாங்க. திட்டறவங்க பக்கம்தான் நான். ஒளிஞ்சுக்க நெருக்கமான இடம் வேணும், ஆனா ஆயுசு முழுக்க அதுக்குள்ளயேன்னா அது வீடு இல்லயே. பால் பைதான் நல்லா வெச்சா 20, 30 வருஷம் கூட இருக்கும்.

அப்போ பானை மட்டும் எப்படிச் சரின்னு நீங்க கேக்கலாம். அக்கா பையனும் கேட்டான், அங்க நின்னவர்கிட்டயே. அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "மூணு நாலு வாரம்தான் தம்பி. நாலு தடவை விஷம் எடுப்போம். அப்புறம் வயித்துச் செதிலை லேசா நறுக்கி அடையாளம் வெச்சுட்டுக் காட்டுல விட்டுடுவோம். அடையாளம் இருந்தா அதை மறுபடி புடிக்க மாட்டோம்."

திரும்பி வர்ற வழியில, திருவான்மியூர்ல பஸ் மாறுற வரைக்கும் பையன் ஒண்ணும் பேசல.

சட்டத்தையும் சொல்லிடறேன். நாகம், சாரை, தண்ணிப் பாம்புன்னு நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்டுல வெச்சுக்க முடியாது. வெளிநாட்டுப் பாம்பு விஷயத்துல ரொம்ப வருஷம் சட்டத்துல சந்து இருந்துச்சு. 2020-ல கையில இருக்கிறதை அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கன்னாங்க. 2022 சட்டத் திருத்தம், 2024 விதிமுறைன்னு வந்து இப்போ பதிவு பண்ணியே ஆகணும். இதுக்கு நடுவுல பாங்காக்லேர்ந்து பெட்டியில பால் பைதானை அடைச்சுக்கிட்டு வந்து மீனம்பாக்கத்துல மாட்டினவங்க கதை பேப்பர்ல அடிக்கடி வந்துச்சு. துணிப்பையில, சாக்ஸ்ல. மாட்டின பாம்புங்களை வந்த ஊருக்கே விமானத்துல திருப்பி அனுப்பினாங்க. பையன் யார்கிட்ட வாங்கறதா இருந்தான்னு நான் தோண்டல. போன் நம்பர் ஒண்ணு இருந்துச்சு, அழிச்சுட்டேன்னான். நம்பினேன்.

இத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. எர்ணாவூர்ல அக்கா வீட்டுக்குள்ளயே தண்ணி. அந்தத் தண்ணியில எண்ணெய். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோட வந்து எண்ணூர் கழிமுகம் பூராவும் கறுப்பா படர்ந்த எண்ணெய், நீங்களும் படம் பார்த்திருப்பீங்க. வலை, படகு, கூழைக்கடா, எல்லாத்து மேலயும். ராத்திரி எட்டு மணிக்குப் பையன் போன் பண்ணான்.

"மாமா, படியில தண்ணிப் பாம்பு. உடம்பெல்லாம் ஆயில். இன்னா பண்றது?"

தொடாதே, ஹெல்ப்லைனுக்குப் பேசுன்னேன். பேசிட்டானாம், தண்ணி வடிஞ்சாத்தான் வர முடியும்னுட்டாங்களாம். எனக்கு நாக்கு வறண்டு போச்சு. அதே பாம்பு, அதே வாடை. அதை எதுல வெக்கச் சொல்றதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள அவனே சொன்னான்.

"மொட்டை மாடியில ஆயாவோட பழைய பானை கீதுல்ல மாமா? மாவு சலிக்கிற துணியும் கீது."

ஆயான்னு அவன் சொன்னது எங்க அம்மாவை. எங்க ஆயா காலத்துப் பானை ஏது!

பழைய பெட்ஷீட்டால எண்ணெயை முடிஞ்ச வரைக்கும் ஒத்தி எடுத்துட்டு, மாடித் தொட்டிச் செடி மண்ணைக் காஞ்சதாப் பார்த்து உள்ளே போட்டு, பாம்பை விட்டு, துணியைக் கட்டிட்டான். தண்ணி ஊத்தினியான்னு கேட்டேன். "சின்னக் கிண்ணத்துல மட்டும் மாமா"ன்னான்.

ரெண்டு ராத்திரி. மூணாம் நாள் பாம்பு மீட்கிற தன்னார்வலர் ஒருத்தர் முழங்கால் தண்ணியில நடந்து வந்து, துணியை லேசா விலக்கி டார்ச் அடிச்சுப் பார்த்து, உயிரோட இருக்குன்னு சொல்லிப் பையில மாத்தி எடுத்துக்கிட்டுப் போனார். போகும்போது பையன் கையில ஒரு கடி, பாம்போடது. நல்ல கோவமா இருந்துச்சாம்.

பானையை அக்கா மறுபடி வீட்டுக்குள்ள விடல. மாடியிலேயே கெடக்கு. தூதுவளை வெச்சிருக்கா.